ஆளுக்கு மூன்று புறா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உயிரினங்கள் எங்கே பெருகும், எப்படிப் பரவும் என்று உங்கள் மகள் கணக்குப் போடுகிறவள் என்பது கல்யாணத்தின்போதே தெரியும். எங்கள் அடுக்குமாடியில் புறாத் தொல்லை. சங்கத் தலைவர் நான். வீட்டிலேயே ஆள் இருக்க வெளியே அலைவானேன் என்று மருமகளைக் கேட்டேன். "எல்லாப் புறாவும் எல்லா பால்கனியிலயும் சமமா பரவியிருக்குன்னு வச்சுக்குங்க மாமா. ஆளுக்கு மூணு. சும்மா ஒரு தோராயம்தான்" என்றாள். அதை அப்படியே கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். முதல் மாடி பல் டாக்டர் எழுந்து, "எங்க வீட்டுல ஒரு இறகுகூட கிடையாது. என் பங்கு மூணு எங்க சார்?" என்கிறார். மேல்மாடி பாட்டு டீச்சரோ, "எல்லார் பங்கும் என் தலைமேலதான் உக்காந்திருக்கு!" என்று அழாத குறை.

வீட்டுக்கு வந்து கேட்டால், "நிஜத்துல ஒரு புறா இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் இன்னொண்ணு வரும் மாமா. அதனால ஜோடி ஜோடியா எடுத்துக்கிட்டுக் கணக்குப் போடணும்" என்கிறாள். எனக்கு எங்கே புரிகிறது? அடுத்த கூட்டத்தில், "எதையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்" என்றேன். தனியாக வசிக்கும் டீச்சர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவரைச் சமாதானப்படுத்த அவர் பால்கனிக்கு வலை கட்டினோம். மொத்தப் புறாக் கூட்டமும் இடம்பெயர்ந்து எங்கள் பால்கனியில் குடியேறிவிட்டது! நான் விளக்குமாற்றோடு ஓடினால் மருமகள் குறுக்கே நிற்கிறாள். "விரட்டாதீங்க மாமா, கணக்குல வந்த மாதிரியே நகர்ந்திருக்கு!"

"தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"எந்தப் பக்கம் போகும்னுதான் தெரியும் மாமா. யார் வீட்டுக்குன்னு சொல்ல முடியாது."

என் மனைவியும் அவள் கட்சி. சங்கத்திலோ என்னை ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். கணக்கு சரியென்றால் நான் ஏன் திண்டாடுகிறேன், ஒன்றும் விளங்கவில்லை சம்பந்தி. ஒரு வாரம் அவளை அழைத்துப் போய், புறாவா மாமனாரா என்று பக்குவமாகக் கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் தங்கள் கையாலேயே பங்கிட்டுக் கொடுக்கவும்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளையின் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. அழைத்துப் போக வர வேண்டாம். வேலை விஷயமாக ஒரு மாதம் வெளியூர் போகிறேன் என்று இன்று காலை சொன்னாள். "அவ்வளவு நாளா?" என்று நான்தான் முதலில் கத்தினேன். புறா எண்ணும் பொறுப்பு இப்போது என்னுடையது. பால்கனி மூலையில் ஒன்று முட்டையிட்டிருக்கிறது. எதற்கும் நீங்கள் வந்தால் அழைப்புமணியை அடிக்காதீர்கள். மெதுவாகக் கதவைத் தட்டுங்கள்.