குயில் மாப்பிள்ளையும் அடையாளம் தெரியாத பாட்டுப் பெட்டியும்

ஒரு காட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பட்டுப்போன மருதமரத்தின் பொந்தில் அதை நடத்திவந்தது சுடலைமுத்து என்னும் முள்ளம்பன்றி. பொந்துக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கல்யாண வீட்டுக்குப் போதுமான பெரிய ஸ்பீக்கர்கள். காட்டுக்குள் கரண்ட் எப்படி வந்தது என்று சிலர் கேட்பார்கள். முள்ளம்பன்றி கடை நடத்தியதை ஒப்புக்கொண்டவர்கள் கரண்டை மட்டும் சந்தேகப்படுவது நியாயமில்லை.

அதே காட்டில் கோமதிநாயகம் என்ற ஆண்குயிலும் வாழ்ந்துவந்தது. அதற்குக் கல்யாணம் ஆகவில்லை.

குயில் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். வைத்த பழத்தைத் தின்றுவிட்டு, அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் பாடத் தெரியுமா?" என்பார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி ஒரு பாட்டுப் பாட வேண்டும். பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்." கோமதிநாயகத்துக்கு நல்ல குரல்தான். ஆனால் பெண்ணைப் பார்த்துவிட்டால் பதறிப்போய், உச்சஸ்தாயிக்கு ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்று கத்தும். அதற்கு வரவேண்டிய தகவல்கள் நிறைய பாக்கி இருந்தன.

இந்த முறை வந்த வரன் பூரணவல்லி. கீழ்ச்சரிவு அத்திமரத்தில் அது பழம் தின்பதைப் பார்த்த நாளிலிருந்து கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது புழு இறங்கவில்லை. பூரணவல்லி கிடைக்காவிட்டால் இனி எந்தப் பெண்ணையும் பார்ப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டது.

தரகர் பேச்சியப்பன் ஒரு யோசனை சொன்னது. பேச்சியப்பன் ஒரு நரி. யோசனை சொல்வதை நரிகள் இன்னும் விடவில்லை.

"யாரும் இல்லாத நேரத்துல பாடி இதுல பிடிச்சு வச்சிரு தம்பி" என்று ஒரு எம்.பி.த்ரீ பிளேயரைக் கொடுத்தது. சுற்றுலா வந்த யாரோ ஓடையோரம் விட்டுப்போனது. "பொண்ணு வீட்டுக்காரங்க மருதமரத்துக்கு வெளிய உக்காரட்டும். நீ பக்கத்து மரத்து இலைக்குள்ள இருந்து வாயை மட்டும் அசை. பாட்டை ஸ்பீக்கர் பாத்துக்கும்."

கோமதிநாயகம் அப்படியே பாடிப் பதிந்துவைத்தது. அருமையான பாட்டு. அதைப் பாடிய பெருமையில் யாரோ எறிந்த குல்பி ஐஸை ஒரு வாய் கொத்தித் தின்றது. தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது வாயைத் திறந்தால் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம்தான் வந்தது. ஆக, கோமதிநாயகத்தின் குரல் முழுவதும் அந்தப் பிளேயருக்குள்தான் இருந்தது. பிளேயரில் இயர்போன் மாட்டுகிற ஓட்டையோ மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. பாட்டை வெளியே எடுக்க ஒரே வழி, கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்பீக்கரில் போடுவது.

பெண்வீட்டார் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குயில் காலையிலேயே கடைக்குப் போய்விட்டது.

சுடலைமுத்து வயரை எடுத்து ஒரு முனையைப் பிளேயரிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் செருகியது. பிளேயரில் பச்சை விளக்கு எரிந்தது.

"விளக்கு எரியுது அண்ணாச்சி!" என்றது குயில், கரகரத்த குரலில்.

கம்ப்யூட்டர் "டுடுங்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, திரையின் மூலையில் எழுதிக் காட்டியது: 'இந்தக் கருவியை அடையாளம் தெரியவில்லை.'

கோமதிநாயகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னை வளத்த காக்காகூட சிறகு முளைச்ச பிறகுதான் 'நீ யாருல'ன்னு கேட்டா. இந்தப் பெட்டி வாசல்லயே கேக்குதே."

"மனசை விடாத. கழட்டி மாட்டுவோம்" என்றது முள்ளம்பன்றி.

கழற்றி மாட்டினார்கள். விளக்கு எரிந்தது. அடையாளம் தெரியவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். நுழையவில்லை. மறுபடி திருப்பினார்கள். நுழைந்தது. அடையாளம் தெரியவில்லை. நரி வந்து ஓட்டையில் வாயை வைத்து ஊதியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். அது எழுந்து வருவதற்குள் ஆமை ஒன்று வாசலைக் கடந்து போய், சாமான் வாங்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டது. அதன் பிறகும் அடையாளம் தெரியவில்லை.

ஏதோ விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கக் காத்திருந்த எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டு, "வைரஸா இருக்கும். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றது.

"எந்த மூஞ்சியை அக்கா?" என்றது குயில்.

"பொதுவாச் சொன்னேன்."

"வேற ஓட்டையில மாட்டிப் பாருமே வே" என்றது நரி.

"பின்னாடி இருக்கிறதெல்லாம் வட்ட ஓட்டை. மௌஸுக்கும் கீபோர்டுக்கும். பக்கத்துல இருந்த இன்னொரு ஓட்டைக்குள்ள போன மழையில குரங்கு விரலை விட்டுட்டான். உள்ளது இது ஒண்ணுதான்" என்றது சுடலைமுத்து. சொல்லும்போது அது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நான்தான் சொல்கிறேன்.

வயரை மாற்றினார்கள். டிரைவர் என்று எதையோ இறக்கி ஏற்றினார்கள். கடைசியில் எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டருக்குச் சுற்றி வாசலில் நசுக்கினார்கள். திருஷ்டி கழிந்திருக்கலாம். பாட்டு வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகத்துக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. பறந்து வந்து வயரின் தலையில் தன் தலையால் ஓங்கி முட்டியது.

"யாரு அது, வீட்டை இடிக்கிறது?" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

வயரைப் பிடுங்கினார்கள். ஓட்டையின் ஓரத்திலிருந்து இடுப்பு மெலிந்த ஒரு குளவி வெளியே வந்து, இறக்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியது.

"இங்க ஒருத்தி கூடு கட்டி முட்டை வச்சிருக்கேன். காலையிலேருந்து இரும்பை உள்ள விடுறதும் எடுக்கிறதும், ஒருத்தர் ஊதுறதும். மனுசத்தன்மை வேண்டாமா?"

"கூடா? அப்புறம் விளக்கு எப்படி எரியுது?" என்றது நரி.

"வயரு பாதி உள்ள வரும். பின்சுவத்துல என் மண்ணு தட்டும். கரண்டு வர்ற தகடு நீளம், அது தொட்டுரும். சேதி போற தகடு குட்டை, அது தொடாது. கட்டும்போதே அளந்துதான் கட்டினேன்."

எல்லோரும் முள்ளம்பன்றியைப் பார்த்தார்கள். முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா?" என்றது குயில்.

"தெரியும்" என்றது சுடலைமுத்து. "குளவி கூடு கட்டின வீட்டுல தொட்டில் ஆடும்னு சொல்லுவாங்கல்ல? எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை மழை போயிருச்சு. போகாத கோயில் இல்லை. இந்தக் கூட்டைப் பாத்த அன்னைக்குத்தான் என் வீட்டுக்காரி சிரிச்சா. அதான் சொல்லலை. வயரு, டிரைவருன்னு சொல்லி ஒப்பேத்தினேன்."

நரி ஒரு வேப்பங்குச்சியை உடைத்தது. "இந்தக் கதையெல்லாம் அப்புறம் பேசுவோம். ரெண்டு நிமிசம், நோண்டி எடுத்திருவேன்."

முள்ளம்பன்றியின் முள் அத்தனையும் எழுந்து நின்றன. எருமை நகர்ந்து உட்கார்ந்தது.

கோமதிநாயகம் ஓட்டையைப் பார்த்தது. கையெட்டும் தூரத்தில் பூரணவல்லி. நடுவில் ஒரு சிட்டிகை மண். குயில் பறந்து வந்து நரிக்கும் ஓட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தது. பிறகு சொன்னது:

"குச்சியைக் கீழ போடுங்க. அடுத்தவ கூட்டுல பொறந்து வளந்தவன் நான். கூட்டைக் கலைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது."

இந்த இடத்தில் பழைய கதையாக இருந்தால் வனதேவதை தோன்றிக் குயிலின் தொண்டையைத் தடவிக் கொடுத்திருப்பாள். இது அந்தக் கதை இல்லை. தோன்றியது பெண்ணின் மாமா ஆவுடையப்பன். பின்னால் பூரணவல்லி.

கோமதிநாயகம் ஒளியக்கூட நேரமில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது. சிறகெல்லாம் கலைந்திருந்தது. கழுத்தில் வயர் சுற்றியிருந்தது. திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டது.

மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். "தரகரே, மாப்பிள்ளை பாடுவாருன்னுதானே சொன்னீரு? கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லவே இல்லையே!"

நரி வேப்பங்குச்சியைப் பின்னால் மறைத்தது. "நம்ம வாயால சொல்லணுமா? நீங்களே பாக்கட்டும்னு விட்டேன்."

"கண்ணைப் பாத்தீரா, எப்படிச் சிவந்து கிடக்கு! ராவும் பகலும் வேலை போல."

எல்லாக் குயிலுக்கும் கண் சிவப்புதான். மாமாவுக்கும் சிவப்புதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த குயிலின் சிவப்புக்கு மட்டும் தனி மரியாதை.

கோமதிநாயகம் உண்மையான பறவை. "மாமா, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. காலையிலேருந்து மாட்டிக் கழட்டி மாட்டுறேன். ஓடவே மாட்டேங்குது" என்றது.

மாமாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "எங்க அக்கா மகன் கிழக்குக் காட்டுல இதே வேலைதான். கேட்டா தினமும் இதையேதான் சொல்லுவான். அச்சு அசல் அதே பேச்சு!" என்று அங்கேயே வெற்றிலை மாற்றத் தயாரானார். எருமை ஏமாந்த நேரம் பார்த்து அந்த வெற்றிலையைத் தின்றுவிட்டது.

வழக்கப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச ஒரு கிளைக்கு அனுப்பினார்கள்.

"நீங்க பாடுவீங்களா?" என்றது பூரணவல்லி.

"பாடுவேன். இப்பத் தொண்டை கட்டியிருக்கு. கம்ப்யூட்டர் வேலை எல்லாம் பொய்."

"அது எதுவா வேணா இருக்கட்டும்." பூரணவல்லி கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்தது. "எங்க வீடு நிறைய அண்ணன்மாரு. கிழக்கு வெளுக்கும் முன்னாடியே ஆளாளுக்கு ஆரம்பிச்சிருவாங்க. ஒருத்தன் நிறுத்தினா அடுத்தவன். பொறந்ததுலேருந்து நான் ஒருநாள்கூட நிம்மதியாத் தூங்கினதில்லை. வர்றவனாவது வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். உங்க தொண்டை எப்பச் சரியாகும்?"

கோமதிநாயகம் பூரணவல்லியின் முகத்தைப் பார்த்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய் சொன்னது.

"சரியாகாது."

அன்று காலையிலிருந்து அது சொன்ன உண்மைகள் எதையும் யாரும் நம்பவில்லை. இந்த ஒன்றை உடனே நம்பினார்கள். கல்யாணம் முடிந்தது.

தொண்டை சீக்கிரமே சரியாகிவிட்டது. கோமதிநாயகம் அதை வெளியே சொல்லவில்லை. தினமும் காலையில் "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு மருதமரத்துக்குப் போய்த் திரை முன்னால் உட்காரும். யாராவது ஏதாவது ரிப்பேர் என்று வந்தால், "அணைச்சுப் போடுங்க" என்று சொல்லும். பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மீதிப் பேர் பயந்து திரும்பி வரமாட்டார்கள். காட்டில் அதற்குப் பெரிய பெயர்.

குளவிக் குஞ்சுகள் பொரிந்து பறந்துபோயின. முள்ளம்பன்றி வீட்டில் தொட்டில் ஆடியது. சுடலைமுத்து வாயெல்லாம் பல்லாக ஓட்டையைச் சுத்தம் செய்து, "இப்ப மாட்டிப் பாரு தம்பி" என்றது.

வேண்டாம் என்றுதான் கோமதிநாயகம் நினைத்தது. ஆனாலும் தன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. மாட்டியது. வயர் முழுசாக உள்ளே போனது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் பிளேயரை ஏற்றுக்கொண்டது. மருதமரம் அதிர, காடே திரும்பிப் பார்க்க, பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. என்ன குரல்! கோமதிநாயகத்துக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பூரணவல்லி மதியச் சாப்பாட்டுக்கு அத்திப்பழம் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

"ஏங்க, எவன் அது உயிரை எடுக்கிறது?"

கோமதிநாயகம் வயரைப் பிடுங்கியது. "தெரியலை பூரணா. எவனோ வெளியூர்க்காரன்."

"ஆபீஸ் பக்கத்துல இப்படிக் கத்தினா நீங்க எப்படி வேலை பாப்பீங்க? போய் விரட்டிட்டு வாங்க."

கோமதிநாயகம் எழுந்து வெளியே போனது. மருதமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, "போ! ஓடிப் போ! இந்தப் பக்கம் வராதே!" என்று கரகரத்த குரலில் ஆளில்லாத கிளைகளைப் பார்த்து நெடுநேரம் கத்தியது. பிறகு உள்ளே வந்து அத்திப்பழத்தைத் தின்றது. நல்ல இனிப்பு.

நீதி: ஒரு கருவி ஓடவில்லை என்றால் அவசரப்பட்டுச் சரிசெய்துவிடாதீர்கள். உங்கள் குடும்பம் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.