கையை நீட்டிய இடத்தில் நிரோஷன் இல்லை

காலை ஒன்பது பத்து. நான் முதலில் கண்டது ஒரு மேசையின் அடிப்பக்கம். யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் அதில் காய்ந்திருந்தது. அதற்கு அப்பால் மூன்று சோடிக் கால்கள். நடுவில் இருந்த காற்சட்டையிலிருந்து பால் விடாத பிளேன்ரீ சொட்டிக்கொண்டிருந்தது. அவை நடுவர்களின் கால்கள். ஒலிபெருக்கியில் என்னுடைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதில் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் ஸ்கேட்டிங் நடனம் ஆடுபவன். ஐஸில் அல்ல, திருகோணமலையில் ஐஸ் மீனுக்கு மட்டும்தான். நாங்கள் ஆடியது நாலு சில்லு பூட்டிய சப்பாத்தில். பாட்டுக்கு ஏற்ப ஓடி, துள்ளி, சுழன்று, விழாமல் நின்றால் புள்ளி. (விழாமல் நிற்பதை அப்போது நான் சின்ன விஷயமாக நினைத்திருந்தேன்.) மாகாணப் போட்டியில் ஆண்கள் பிரிவில் மொத்தம் மூன்று பேர்: நான், சீனன்குடாவிலிருந்து நிரோஷன், மட்டக்களப்பிலிருந்து ஒருவர். முதலாவதாக வருபவர் மட்டும் கொழும்பில் தேசியத் தெரிவுக்குப் போகலாம்.

எனக்கு இருபத்திரண்டு வயது, நிரோஷனுக்கு இருபத்துமூன்று. ஊருக்கு நாங்கள் போட்டியாளர்கள். அது பொய்யும் அல்ல. அவன் என்னைவிட உயரத் துள்ளிய நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவன் காய்ச்சலென்று வராத நாட்களிலும் சோறு இறங்கவில்லை. அதைக் கவனித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தைரியத்தைத் திரட்டி, அவன்மேல் விருப்பமென்று அவனிடமே போய்ச் சொன்னேன்.

"உனக்கு இப்பதானோ விளங்கினது?" என்றான். நிரோஷன் எப்போதும் என்னைவிட அரைத் தாளம் முந்தி.

வெளியே சொல்ல ஏலாத கதை. சட்டம் எங்கள் பக்கம் இல்லை; சொந்தக்காரர்கள் சட்டத்தைவிடக் கண்டிப்பானவர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் எனக்கு இடமிருக்குமோ என்பதே நிச்சயமில்லை. ஆகவே மகா கவனமாக இருந்தோம். தெருவில் தள்ளி நடந்தோம். ஒரே பஸ்ஸில் ஏறினால் வேறு வேறு சீற்றில் இருந்தோம். ஒற்றர்கள்கூட எங்களிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

ஆடிப் பழகியது மீன் ஏலம் போடும் கொட்டகையில். காலை ஏலம் முடிந்து தண்ணீர் அடித்தபின் அந்தச் சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். (செதில் மிஞ்சியிருந்தால் தேவைக்கு மேல் கண்ணாடி.) குறை என்னவென்றால் கொட்டகை நீளம் போதாது. வேகம் எடுத்து முடிவதற்குள் சுவர் வந்துவிடும். அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒருவர் ஆடும்போது மற்றவர் கடைசித் தூணை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டியபடி நிற்பார். ஆடுபவர் பின்பக்கமாக வந்து, திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைப் பற்றி, கவண்கல் போலச் சுழன்று திரும்பிப் போவார். ஒரு வருடம் இப்படியே ஓடியது. என் திருப்பங்கள் அனைத்தும் நிரோஷனின் தோள்மூட்டில் தங்கியிருந்தன என்பது பயிற்றுநர் இல்லாத எங்களுக்குத் தெரியவில்லை.

போட்டி நாளில் உள்ளரங்கு பெரிதாக இருந்தது. முன்வரிசைக் கதிரையில் அப்பா போனைப் பிடித்தபடி, பக்கத்தில் அம்மா. முதல் துள்ளல் சரி. இரண்டாவதும் சரி. பின்பக்கமாக வேகமெடுத்து, சபையைப் பார்த்துச் சிரித்தபடி, வழக்கமான தாளத்தில் வழக்கமான கையை நீட்டினேன்.

அங்கே தூணும் இல்லை, நிரோஷனும் இல்லை. நடுவர்களின் மேசையும், அதில் அவர்கள் கடிக்க வைத்த பற்றீசும் ரோல்சும் இருந்தன.

மேசைக்கு அடியில் கிடந்து நான் சூயிங்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இன்னொரு உருவம் அதே வேகத்தில் உள்ளே வந்து சேர்ந்தது. அடுத்து ஆடவேண்டியவன் என்பதால் நிரோஷன் சப்பாத்தோடு ஓரத்தில் நின்றிருந்தான். என் கை நீண்டதும் அவனுடைய காலும் கிளம்பிவிட்டது. அரங்கின் முழு நீளத்தையும் கடந்து வந்தவனுக்கு நிற்கத் தெரியவில்லை. (அவனை நிறுத்துவதும் இவ்வளவு காலமும் நான்தான்.)

"எலும்பு ஏதும் முறிஞ்சதோ?" என்றான்.

"இல்லை. நீ ஏன்டா வந்தனீ?"

"நீ கையை நீட்டினனீ."

ஒருவர் ஆடும்போது இன்னொருவர் தளத்துக்குள் வந்தால் இருவரும் நீக்கம். அது விதி, அவனுக்கு அது மனப்பாடம். பேசாமல் ஓரத்தில் நின்றிருந்தால் கொழும்பு அவனுடையது. கடைசியில், இரண்டு தடவை தரையில் உட்கார்ந்து எழும்பிய மட்டக்களப்புக்காரர் கொழும்புக்குப் போனார்.

அப்பா எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் புல்மோட்டை வரை போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ரோல்ஸ் பறப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ரகசியம் ரோல்சின் மறைவில் பத்திரமாக இருந்தது.

பின்னேரம் குசினிக்குள் போனால், அம்மா அதே வீடியோவை வேகம் குறைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நெட்போல் விளையாடினனான்" என்றார். "அங்க ஆள் நிக்குமெண்டு உறுதியாத் தெரிஞ்சால்தான் பாக்காமல் கை நீட்டுவம்."

பழக்கதோஷம் என்றேன்.

"அவன் ஓடி வந்ததும் பழக்கதோஷமோ?"

அடுப்பில் சொதி பொங்கியது. அம்மா அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அந்தப் பொடியனுக்குக் காயமோ?"

"முழங்கை கிழிஞ்சிட்டுது."

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. அப்பாவோட நான் கதைக்கிறன்."

என்ன கதைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா அந்தக் கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிரோஷன் வந்து, பிட்டுக்குப் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான். நான் சொதிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன். அப்பா தன் சாப்பாட்டுக் கோப்பையை இரு கையாலும் உயரத் தூக்கினார்.

"எல்லாரும் சாப்பாட்டைத் தூக்குங்கோ, வாறான்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. முதலில் சிரித்தவன் நிரோஷன்.

அதன்பிறகு கலியாண வீடுகளில் நான் மேசைப் பக்கம் போனாலே மாமாமார் தட்டைத் தூக்குகிறார்கள். எதற்கென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு நன்றி சொல்லத் தோன்றும். பகிடிக்கு நன்றி சொன்னால் அவர் முறைப்பார் என்பதால் சொல்வதில்லை.

போன மாசியில் அப்பா பின்வளவு முருங்கை மரத்தைத் தறித்துவிட்டுச் சீமெந்துத் தரை போட்டார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற அகலம்.