கப்பல் மூழ்கும் இடம்

உரையாசிரியர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சினிமாவில் சோகக் காட்சி வந்தால் "இப்ப அழுவா பாருங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டுபவர். பங்சார் உணவகத்தில் மீன் தலைக் கறி மேசைக்கு வருமுன்னே அதன் வரலாற்றைப் பரிமாறத் தொடங்குபவர். கறி ஆறிப்போகும். வரலாறு முடியாது.

கிள்ளான் திருச்செல்வம் இந்த இனத்தில் அசல் வித்து. பழங்காப்பியம் ஒன்றில் கப்பல் கவிழும் காட்சியை ஆர்கனுக்கும் டிரம்பெட், டிரோம்போன் கோஷ்டிக்கும் இசையாக எழுதச் சொல்லி இசையமைப்பாளன் விமலனைத் தூண்டியவரே அவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் ஒலிப்பதிவுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவரே. அப்பேர்ப்பட்டவரை வெளியே உட்காரச் சொல்ல யாருக்கு மனம் வரும்? வந்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மைக் கண்ணில் பட்டால் போதுமே, அதை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று யார் பார்க்கிறோம்? வரவேற்புரை, தலைமையுரை, கதைச் சுருக்கம் எல்லாம் அவரே ஆற்றினார். ஊதுபவர்கள் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்கு நடுவிலும் ஓர் உரை. மாலை ஆராதனைக்கு ஆட்கள் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

கடைசி உச்ச ஸ்வரம் டிரம்பெட் உஷாராணியுடையது. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

"அங்கிள், இதான் லாஸ்ட் டேக். என் உதடு போச்சு லா. முடிஞ்சாலும் எதிரொலி அடங்குற வரைக்கும் யாரும் பேசாதீங்க."

"நான் ஏம்மா பேசப் போறேன்? நீ ஊது."

ஊதினாள். அடடா, அதைச் சொல்லி முடியாது. ஆர்கன் தரையை அதிரவைக்க, அதற்கு மேலே அந்த ஒற்றை ஸ்வரம் அசையாமல் எழுந்து நின்றது. திருச்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலங்கிய கையோடு ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. இது எந்த இடம் என்று தெரியாமலே யாராவது அழுது தொலைத்தால்?

வாத்தியங்கள் ஓய்ந்து, எதிரொலி மட்டும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தபோது தொண்டையைச் செருமினார்.

"கப்பல் இப்பத்தான் மூழ்குது."

மைக் ஓர் எழுத்துக்கூட விடாமல் வாங்கிக்கொண்டது. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த விமலன் நெற்றியை அதன் கட்டைகள்மேல் சாய்க்க, அதுவும் ஒரு முறை அலறியது. வாசலில் ஆராதனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். "இன்னொரு தடவை ஊதலாமேம்மா?" என்றார் திருச்செல்வம். உஷாராணி வீங்கிய உதட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அது எதற்கென்று அவர் விமலனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி. இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுக்கத்தான் போகிறீர்கள். கொடுங்கள். ஆனால் அவர் பாதி படிக்கும்போதே, "கடைசில அந்த ஆளு என்ன செய்றாரு தெரியுமா" என்று ஆரம்பிக்காமல் உங்களால் இருக்க முடியுமா?