இரண்டாவது ஆளுக்குத் தண்ணீர்

“அங்கிள், தலையில சோப்பு போட்டிருக்கேன். தண்ணி நின்னுருச்சு.”

கீழ் வீட்டுக் குளியலறையிலிருந்து லோஜினியின் குரல் வந்ததும், தொட்டியோரம் ஏணியில் நின்ற மரியரட்ணம் நோட்டில் எழுதிக்கொண்டார்: முதல் நாள், தோல்வி.

லோஜினி ஆஸ்பத்திரித் தாதி. உடப்புசல்லாவையிலிருந்து வந்து, நுவரெலியாவில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தாள். தோழி நிஷாந்தியும் தன்னோடு தங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தாள். முடியாது என்றால், இருவரும் சேர்ந்து வேறு இடம் பார்ப்பார்கள். அதை மரியரட்ணத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ டியூட்டிக்குப் போகுது. இப்படி உழைக்கிற புள்ள எங்க கிடைக்கும்?” என்று மனைவி டோரீனிடம் வியப்பார். மேல் ஜன்னலிலிருந்து அவருக்குத் தெரிவது கம்பளித் தொப்பி மட்டும்தான். அதிலேயே சுறுசுறுப்பு தெரிகிறது என்பார். டோரீன் “ம்” என்பாள்.

மரியரட்ணம் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து வாடிவிட்டது என்று யாராவது கையால் பிடித்துப் பார்த்துச் சொன்னால் நம்பமாட்டார், தராசில் நிறுத்துப் பார்ப்பார். இப்போது வீட்டுக்கும் அதே முறைதான். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே சரிவில் இறங்கிவரும் தண்ணீர், கீழ் வீட்டுக்கான ஐந்நூறு லீற்றர் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அவர் ஒரு நாள் வரத்தை அடைத்துவிட்டு, கோடு கீறிய மூங்கில் குச்சியால் அளந்தார். இருநூற்றறுபது லீற்றர் குறைந்திருந்தது.

“பாத்தியா, தாதின்னா தாதிதான். என்ன சுத்தம்,” என்றார்.

“அப்ப நிஷாந்திக்கு?”

“அதுவும் தாதிதானே. இன்னொரு இருநூத்தறுபது.”

ஆகவே, வரப்போகும் நிஷாந்தியின் பங்காகத் தினமும் காலையில் இருநூற்றறுபது லீற்றரைத் திறந்துவிட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

“ஏங்க, சும்மா வரச் சொல்லிருங்களேன்.”

“அளக்காம எப்படிச் சொல்றது?”

முதல் நாள் சோப்போடு முடிந்தது. இரண்டாம் நாள் ஊற்றிலிருந்து பெரிய குழாய் போட்டார். பெரிய குழாய் அதிகத் தண்ணீர் இழுக்கும் என்பது சரி. ஊற்று கொடுப்பதைவிட வேகமாக இழுத்தால் பின்னாலேயே காற்றும் நுழையும் என்பது அதைவிடச் சரி. நுழைந்த காற்று குழாயின் மேடான வளைவில் குந்திக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிள் பம்பை வைத்துக் கீழிருந்து காற்றடித்தார். அடைத்திருந்த காற்று வெளியேறியது. கூடவே குழாய் மூட்டும் கழன்று போனது.

“டீமேக்கர், என் லீக்ஸ் பாத்தி ஆறா ஓடுது,” என்று வேலியோரம் வந்து நின்றார் பக்கத்துத் தோட்டக்காரர் பொன்னையா. “என்ன பண்றீங்க?”

“கீழ் வீட்டுக்கு இன்னொரு ஆள் வரலாமான்னு பாக்குறேன்.”

“அந்த ஆளு என்ன யானையா?”

நான்காம் நாள் பழைய குழாயையே பூட்டி, கடைசி முறையாகத் திறந்துவிட்டார். தொட்டி மறுபடியும் வறண்டது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. கனத்த மனதோடு இறங்கிப் போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். தலையில் துவாய் சுற்றிய உருவம் கதவைத் திறந்தது. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“மன்னிச்சிரு லோஜினி. நாலு நாளா அளந்துட்டேன். இந்த வீடு ரெண்டு பேரைத் தாங்காது.”

“லோஜினி டியூட்டிக்குப் போயிட்டா அங்கிள். நான் நிஷாந்தி. ஆன்ட்டி சொல்லி நத்தார் பண்டிகைக்கே வந்துட்டேன், ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் அவ கேட்டா.”

மரியரட்ணம் நிமிர்ந்தார்.

“ரெண்டு பேரைத் தாராளமாத் தாங்குது அங்கிள். இந்த வாரம் நீங்க கொண்டுவந்து சேத்த மூணாவது ஆளைத்தான் அனுப்பிரணும்.”