எட்டு மாவட்டம், எட்டுப் பேர்

அன்று ஐஸ் தொழிற்சாலைக்குள் நாங்கள் எத்தனை பேர் இருந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எட்டுப் பேர் என்று மனம் சொல்கிறது. விண்ணப்பப் படிவம் முப்பத்திரண்டு என்கிறது. படிவத்தை நிரப்பியவனும் நான்தான் என்பதால் இரண்டையும் நம்ப முடியவில்லை.

நான் மாநில கர்லிங் சங்கத்தின் இணைச் செயலாளர். செயலாளர் சொல்வதற்குத் தலையாட்டுவது என் பொறுப்பு. கதை அவருடையது.

பகலில் அவர் பிறப்புச் சான்றிதழ் பிரிவில் எழுத்தர். ஒரு நாள் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். பனித்தரையில் கைப்பிடி வைத்த கனமான கல்லை ஒருவர் தள்ளிவிடுகிறார். அது போகும் வழியை இரண்டு பேர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். வட்டத்தின் நடுவுக்கு நெருக்கமாக யார் கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவர் வைத்தியரிடம் போகவில்லை. பல் இன்னும் வலிக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் பிறந்ததை எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தன் கையால் ஒன்று பிறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சங்கம் பிறந்தது. விளையாட்டு வாரியம் அங்கீகரிக்கவில்லை. இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாவதும் திரும்பினால் மறுபடி கேட்க விதியில்லை.

"எட்டு மாவட்டத்துலயாவது கிளை இருக்கணுமாம். இருக்குன்னு போட்டுடுவோமா?" என்றார் என்னிடம்.

தலையாட்டினேன்.

பதில் வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியைப் பார்வையிட அதிகாரி நேரில் வருகிறார்.

அணிக்கு நான்கு பேர். எட்டு மாவட்டத்துக்கு முப்பத்திரண்டு பேர். எங்களிடம் இருந்தது எட்டுப் பேர்.

"அண்ணே, ஆளுக்கு ரெண்டு சட்டை தைக்கிறேன். உள்ளே ஒரு கலர், வெளியே ஒரு கலர். திருப்பிப் போட்டா மாவட்டம் மாறிடும்" என்றார் தையல்காரர். எங்கள் ஆட்டக்காரர்களில் அவர்தான் ஒழுங்காக ஆடுவார்.

"மூஞ்சி மாறாதே" என்றார் செயலாளர்.

"ஐஸ் ரூம்ல குளிரும்ல. எல்லாருக்கும் மங்கி கேப்."

செயலாளரின் மனைவி மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். "வீட்டைப் பெருக்கச் சொன்னா இடுப்பு வலி. ஐஸைப் பெருக்க ஒரு மாநிலச் சங்கம்."

"நீ ஸ்கோர் எழுத வா, அது போதும்" என்றார் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக் கிடங்கின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் தொட்டியில் சிமெண்டை ஊற்றி, கதவுக் கைப்பிடி பதித்து நாங்களே செய்த கற்களைப் பார்த்தார்.

முதல் ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. ஐஸ் நொறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் திருப்பிக்கொண்டு வந்தோம். பிறகுதான் தெரிந்தது, மங்கி கேப் அதிகாரியிடமிருந்து மட்டும் எங்களை மறைக்கவில்லை. எங்களையே எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. யாருடைய கல்லை யார் தேய்ப்பது என்று தெரியவில்லை. "கிழக்கு, தேய்" என்று யாரோ கத்தினால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் தேய்த்தோம்.

மூன்றாவது ஆட்டத்தில் அவசரத்தில் நான் சட்டையைத் தவறான பக்கம் போட்டுவிட்டேன்.

"இந்தப் பக்கம் அஞ்சு பேர் நிக்கிறாங்களே" என்றார் அதிகாரி.

"ஒருத்தர் உபரி ஆட்டக்காரர் சார்" என்றார் செயலாளர்.

"அந்தப் பக்கம் மூணு பேர்தான் இருக்காங்க."

"அது கொஞ்சம் பலமான மாவட்டம் சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். செயலாளர் அந்தக் குளிரிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி ஆட்டம். கல் வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அது நின்றால் போட்டி முடிந்துவிடும், அதிகாரி கிளம்பிவிடுவார். முன்னால் தேய்த்துக்கொண்டு ஓடிய தையல்காரர் சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினார்.

"என் பிரஷ் கல்லுல பட்டுடுச்சு. அது தப்பாட்டம்."

"நான் பார்க்கலையே" என்றார் அதிகாரி.

"யாருமே பார்க்கலைங்க. அதான் நானே சொல்றேன்."

அதிகாரி செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த ஆட்டத்தோட தர்மம் சார் அது. தப்பு செஞ்சவங்களே ஒத்துக்கணும். மூணு வருஷமா இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை.

"அப்படின்னா இன்னொண்ணும் இருக்குங்க" என்றார் தையல்காரர். "காலையில நான் வடக்கு மாவட்டமா இருந்தேன்." மங்கி கேப்பைக் கழற்றினார்.

குளிரூட்டும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் தபால்காரன் சார்" என்றார் அடுத்தவர். "நாலு மாவட்டம்."

"நான் செயலாளரோட மச்சான். எனக்கு இந்த ஆட்டமே பிடிக்காது."

ஒவ்வொரு தொப்பியாகக் கழன்றது. கடைசியாக நானும் கழற்றினேன். நேர்மையால் அல்ல, தலை அரித்தது.

ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் நின்ற செயலாளரின் மனைவி சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "மகளிர் அணின்னு ஒண்ணு எழுதியிருக்குமே சார். அது நான்தான்."

அதிகாரி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். திரும்பவும் ஒரு முறை எண்ணினார். ஏதோ எழுதி, நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

செயலாளர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நாற்பதாம் நாள் அங்கீகாரக் கடிதம் வந்தது. அதில் குறிப்பு என்று ஒரே ஒரு வரி: 'ஆட்டக்காரர்கள் நேரில் காணப்பட்டனர்.'

அதன் பிறகு எல்லோரும் அவரவர் வழியில் போனோம். தையல்காரர் அணித்தலைவர் ஆனார். தபால்காரர் முதுகு பிடித்துக்கொண்டதால் ஆட்டத்தை விட்டார். மச்சான் பூப்பந்துக்குப் போய்விட்டார். அதிகாரி ஓய்வு பெற்றார். செயலாளரின் மனைவி இப்போது மகளிர் அணிக்கு உண்மையிலேயே மூன்று பேரைப் பிடித்திருக்கிறாள். நான் இன்னும் தலையாட்டுகிறேன்.

செயலாளருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை என்று ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். அன்று அதிகாரியை அழைத்து வந்த ஓட்டுநர் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து, செயலாளரின் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"பேசாம வீட்டுக்குப் போங்க சார். மத்த சங்கத்துக்கெல்லாம் நாங்க போனா, ஆட ஆளில்லாம எனக்குத்தான் சட்டையை மாட்டி நிக்க வைப்பாங்க. இந்த மாநிலத்துல ஆறு விளையாட்டுக்கு நான்தான் கேப்டன்."