ஜெல்லிக்குப் பட்டை போட்ட கதை

எனக்குத் தற்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயரம், நிறம் சொல்வதுபோல அடையாளமாகச் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் விஷயம்.

எழுபதுகளில் நாங்கள் கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தோம். களை எடுத்து அட்டைக்கடி வாங்கிக்கொண்டிருந்த என்னை, தோட்டத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பாட்டில் கழுவ எடுத்தார்கள். கூடம் என்றால் தகரம் போட்ட இரண்டு அறைதான். ஆனால் உள்ளே போகும்போது கால் கழுவ வேண்டும், வெள்ளைக் கோட்டு போட வேண்டும். கோட்டோடு, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் நான் வேலைக்கே போவேன். (வழி அது இல்லை. இருந்தாலும் போவேன்.)

கூடத்துக்கு அதிகாரி டாக்டரம்மா, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். செடிக்கு டாக்டர். அது புரியாமல் முதல் மாதம் முழுக்கக் காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினோம். பாவம், அவரும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அனுப்பினார்.

அவர் செய்த வேலையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஏலக்குருத்தை நறுக்கி, கண்ணுக்குத் தெரியாத செல்களாகப் பிரிப்பார். அவற்றை ஒரு மஞ்சள் தண்ணீரில் கலந்து இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் ஊற்றுவார். இருட்டில் இருக்கும்வரை அது தண்ணீர். வெளிச்சம் பட்டால் ஜெல்லியாக உறைந்துவிடும், செல்கள் அதற்குள் உயிரோடு தங்கிவிடும். நோய் இல்லாத ஒரு செடியிலிருந்து ஒரு தோட்டத்துக்கே நாற்று வளர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. அப்போது கட்டை நோய் வந்து செடியெல்லாம் குட்டையாகி நின்ற காலம்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "கொச்சியிலிருந்து பெரியவர் ஒருத்தர் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் கூடம் இருக்கும், இல்லையென்றால் உரக்கிடங்கு" என்று சொல்லிவிட்டார். கூடம் போனால் டாக்டரம்மா கல்பாத்திக்குத் திரும்புவார். நான் கோட்டைக் கழற்றிவிட்டு அட்டைகளிடம் திரும்ப வேண்டும்.

பெரியவர் வந்தது ஆயுத பூஜை அன்று. காலையில் டாக்டரம்மா மஞ்சள் தண்ணீரைத் தகட்டுக்குள் ஊற்றி, கறுப்புக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தார். இலை வடிவத்தில் ஒரு காகிதமும் வெட்டி வைத்திருந்தார். அதைத் தகட்டின்மேல் ஒட்டி விளக்கைக் காட்டினால் இலை மறைத்த இடம் மட்டும் உறையாது. பெரியவர் கண்ணெதிரே செய்து காட்டுவதாக ஏற்பாடு.

"பேச்சி, நான் ஜீப்புல போய் அவரை அழைச்சுண்டு வந்துடறேன். எல்லாத்தையும் அலம்பி வை. இதை மட்டும் தொடாதே, கேட்டியா? வெளிச்சம் பட்டா போச்சு. வேற செல் கைவசம் இல்லை."

"நான் தொடுவேனாம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கூடத்து வாசலில் பூஜைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்காரர். அவர் ஆட்கள் தராசு, வெட்டுக்கத்தி, மண்வெட்டி என்று ஊரையே வரிசையில் வைத்துவிட்டார்கள். என் பக்கம் நாலு பாட்டில்.

"ஒங்க ஆபீசுல பூஜைக்கு இம்புட்டுத்தானா? அந்தப் பாட்டில் கழுவுற பிரஷ்ஷையும் எடுத்தாந்து வையி. சாமி பயந்துரும்" என்றார். ஸ்டோரே சிரித்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறைக்குள் போனேன். கூடத்திலேயே பெரிய பொருளான அந்தத் தகடு, சரஸ்வதி பூஜையும் அதுவுமாகக் கறுப்பைச் சுற்றிக்கொண்டு இழவு வீட்டில் இருப்பதுபோல மேசைமேல் இருந்தது. ஒரு பொட்டு வைத்துவிட்டு உடனே உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று காகிதத்தைப் பிரித்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துத் தகட்டில் மூன்று பட்டை போட்டு, நடுவில் கெட்டியாகக் குங்குமம் வைத்து, வரிசைக்கு நடுநாயகமாகச் சாத்தினேன்.

"இதென்னடி?"

"மிஷினு. ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது."

கூட்டம் என் பக்கம் வந்தது. எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். தேங்காய் கொண்டுவரப் போனவன் வரவில்லை. சூடம் நமத்துப்போயிருந்தது. வாரக்கணக்கில் மூடியிருந்த வானம் அன்றைக்குப் பார்த்துத் திறந்து, வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மனே பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பு ஜீப் சத்தம் கேட்டபிறகுதான் வந்தது.

டாக்டரம்மா இறங்கினார். வரிசையைப் பார்த்தார்.

"பேச்சி, அந்தக் கறுப்புக் காகிதம் எங்கே?"

"மடிச்சு வச்சிருக்கேம்மா. பத்திரமா இருக்கு."

அவர் தகட்டை எடுத்துச் சாய்த்தார். உள்ளே எதுவும் ஓடவில்லை. "ராமா" என்று மட்டும் சொன்னார்.

பின்னால் வந்த பெரியவர், "எந்தா, எல்லாம் ரெடியா?" என்றார்.

"ரெடி ஆயிடுத்து சார். கொஞ்சம் முன்னாடியே."

உள்ளே போனதும் டாக்டரம்மா ஈரத்துணியால் திருநீற்றைத் துடைத்தார். மேல் தகட்டைத் தூக்கி ஜெல்லிமேல் தண்ணீர் விட்டார். நான் கதவோரம் நின்று, களைக்கொத்தை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பேச்சி, இங்கே வா. பட்டையை எவ்வளவு கெட்டியாப் போட்டே?"

"காஞ்சு உதிரக்கூடாதுன்னு களி மாதிரி குழைச்சுப் போட்டேம்மா."

பார்த்தால், ஜெல்லியில் மூன்று வாய்க்கால். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். திருநீறும் குங்குமமும் வெயிலை மறைத்த இடமெல்லாம் உறையாமல் தண்ணீரோடு போய்விட்டது. மற்ற இடம் கல்லுமாதிரி நின்றது.

"வடிவம் சரி. செல்லுக்கு ஜீவன் உண்டோ?" என்றார் பெரியவர்.

அதுதான் கேள்வி. டாக்டரம்மா ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டார். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிக்குப் போய்விட்டேன்.

"பாதிக்கு மேல உயிரோட இருக்கு" என்றார்.

பெரியவர் தாமும் குனிந்து பார்த்தார். "ஆ வெயிலிலா? இந்த டிசைன் ஆரு செய்தது?"

டாக்டரம்மா நினைத்திருந்தால் தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எங்க பேச்சியம்மா, சார்" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கு மூணு கோடு?"

"நாலு போட்டா நல்லா இருக்காதுய்யா."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. கூடம் உரக்கிடங்கு ஆகவில்லை.

ஜீப் போனபிறகு டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார். "நீ பண்ணினது தப்பு. அது நன்னா வந்தது வேற விஷயம். ரெண்டையும் கலக்காதே, கேட்டியா?" என்றார்.

தலையை ஆட்டினேன். பொழுது சாய்வதற்குள் நன்றாகக் கலந்து, லயம் முழுக்க விநியோகம் செய்துவிட்டேன். கொச்சிப் பெரியவர் என்னிடம் யோசனை கேட்டார் என்றுதான் தூரத்து மலையூர் வட்டவடை வரை பேச்சு போனது.

டாக்டரம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பூட்டுக்கு வேணும்னா பொட்டு வை" என்பார். என் வீட்டுக்காரர் அதைவிட மோசம். குழம்பு கெட்டியாக இருந்தால், இட்லி கல்லாக இருந்தால், கடைசிவரை ஒரே கேள்விதான்: "பட்டை போட்டியா?" இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள், மருமகள்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் காலேஜில் படிக்கும் பேத்தி வந்தாள். வெளிநாட்டில் இப்போது வெளிச்சத்தாலேயே ஜெல்லியை உறைய வைத்து, இளக வைத்து, மனுஷ செல்லைக்கூட அதில் வளர்க்கிறார்களாம். எங்கே உறையக்கூடாதோ அங்கே வெளிச்சத்தை மறைத்துவிடுவார்களாம்.

"திருநீறு வச்சா மறைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"இல்ல ஆச்சி. அதுக்குன்னு மறைப்புத் தகடு இருக்கு."

சரி, அவரவர் வழக்கம்.