சுவிட்ச் இருக்க வேண்டிய இடம்

இலுப்பூரில் நான் சொன்னது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும் யாரும் இதைச் சொல்வதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை மட்டும் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அறுபதுகளில் நடந்தது. எனக்குச் சொந்த ஊர் விராலிமலை. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. (எங்கள் அப்பா 'பையன் பெரிய மிஷின் ஓட்டுறான்' என்று சொல்லி வைத்திருந்ததால், ஊரில் பாதிப் பேர் நான் ரைஸ் மில்லில் இருப்பதாக நினைத்தார்கள்.)

அந்த மிஷினுக்கு உத்தரவுகளை எழுத ஃபோர்ட்ரான் என்று ஒரு மொழி. எந்தக் கம்பெனி மிஷினிலும் ஒரே உத்தரவு ஓடும் என்பதுதான் அதன் பெருமை. எங்கள் மிஷினின் முன்பக்கத்தில் நாலு சுவிட்சுகள் இருந்தன. 'முதல் சுவிட்சைப் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று எழுத அந்த மொழிக்குள்ளேயே ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள். பாடப் புத்தகத்தில் கூட்டல் கழித்தலோடு அதுவும் சம அந்தஸ்தில் உட்கார்ந்திருந்தது. நம்பினேன். ஏரிகளின் நீர்க்கணக்குக்காக மாதக்கணக்கில் பாடுபட்டு எழுதிய புரோகிராமில் அதை இஷ்டத்துக்கு அள்ளித் தெளித்தேன். அந்தக் காலத்து வழக்கப்படி புரோகிராமை அட்டைகளில் துளைகளாகப் போட்டு, பெட்டியில் அடுக்கி, பெங்களூரில் இருந்த இன்னொரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே இருந்தது வேறு கம்பெனி மிஷின். அதன் முகத்தில் அப்படி ஒரு சுவிட்சே கிடையாது. என் அட்டைகளை அது துப்பிவிட்டது. 'மொழி தெரியாத யாரோ எழுதியது' என்று எழுதிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் மேலதிகாரி அதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்.

எனக்கா மொழி தெரியாது? ஒரு மிஷினின் மூஞ்சியில் இருக்கும் சுவிட்சை, எல்லா மிஷினுக்கும் பொதுவான மொழியின் நடுவில் கொண்டுபோய் வைத்தானே ஒருவன், அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த எரிச்சல் அடங்குவதற்குள் அப்பா வரச் சொல்லிவிட்டார். இலுப்பூரில் பெண் பார்க்க வேண்டும். பெண் பெயர் கமலம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பா தானிய மண்டி வைத்திருந்தார். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சம்மதம். சென்னையில் அந்தப் போட்டோவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மண்டிக்காரர் உஷாரான மனிதர். மாப்பிள்ளை நிஜமாகவே மிஷின் ஆள்தானா என்று பார்க்க, தூரத்துச் சொந்தக்காரன் ஒருவனை வரவழைத்து உட்கார வைத்திருந்தார். ராஜகோபால். பம்பாயில் அவனுக்கும் கம்ப்யூட்டரில்தான் வேலை.

"வாங்க தம்பி, இங்கிட்டு உக்காருங்க. இவன் நம்ம பய, ஒங்க லைன்தான். சும்மா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருங்க" என்றார்.

ராஜகோபால் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். "ஃபோர்ட்ரான் எழுதுவீங்கள்ல? எங்க மிஷின்ல அந்த சுவிட்சை வச்சே பாதி வேலையை முடிச்சிருவோம். மொழிக்குள்ளயே வசதி பண்ணி வச்சிருக்கான் பாருங்க, ரொம்ப சௌகரியம்."

இலுப்பூர் வரைக்கும் வந்துவிட்டது அந்த சுவிட்ச்.

"யாருக்குங்க சௌகரியம்?" என்றேன்.

"சுவிட்ச் இருக்க மிஷின்ல வேலை பாக்குறவனுக்கு."

"இல்லாதவன் என்ன செய்வான்?"

"வேற மாதிரி எழுதிக்கிருவான். மிஷின்ல இருக்கறதை மொழியில சொல்ல முடியலைன்னா, அப்பறம் அந்த மொழி எதுக்கு?"

"அதைத் தனியா எழுதி வெளியில வைங்க. வேணுங்கிறவன் எடுத்துக்கட்டும். எல்லாருக்கும் பொதுவானதுல எதுக்குத் திணிக்கணும்?"

"எல்லாத்தையும் வெளியில வச்சா, வேலை பாக்குறவன் தேடிக்கிட்டேதான் திரியணும்."

(இது கொஞ்சம் நல்ல பதில்தான். அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் இல்லை.)

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கமலம் காபித் தட்டோடு வந்தாள். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தேன். குடிக்க அல்ல. "இது எங்க மிஷின்" என்று பெஞ்சில் வைத்தேன். இன்னொன்றை எடுத்து, "இது பெங்களூர் மிஷின்" என்று பக்கத்தில் வைத்தேன். மாதக்கணக்கில் சட்டைப்பையில் சுமந்த முகம் ஒரு முழத் தூரத்தில் நின்றது. நான் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார். ஆதரவு தெரிவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

கமலம் மற்றவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒங்க அபிப்பிராயத்தைச் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

என் அபிப்பிராயத்தை ஒரு மனிதராவது கேட்டாரே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"தேவையே இல்லைங்க. எனக்கு இதுல சந்தேகமே கிடையாது. யாராவது ஒருத்தனுக்குச் சரிப்படலாம். அதுக்காக எல்லாரும் தலையில கட்டிக்கணுமா? வெளியிலயே கிடக்கட்டும்."

பெண்ணின் சித்தி ஒருவர் வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கதவோரத்திலிருந்து கமலம்தான் பேசினாள். "அவரு சுவிட்சைச் சொல்றாருப்பா. என்னைய இன்னும் பாக்கவே இல்லை."

நிமிர்ந்து பார்த்தேன். போட்டோவைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தாள். வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ராஜகோபாலை.

"ஐயா, நான் சொல்ல வந்தது..."

"புரியுதுங்க தம்பி. நாங்க லெட்டர் போடுறோம்" என்றார் மண்டிக்காரர். வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லித் தப்பிக்கும் வாக்கியம் அது. பெண் வீட்டார் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பஸ்ஸில் அப்பா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். விராலிமலையில் இறங்கியதும், "ஏண்டா, அந்த சுவிட்சு ஒன்னைய என்னடா பண்ணுச்சு?" என்றார். விளக்க ஆரம்பித்தேன். அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார்.

லெட்டர் வந்தது, கல்யாணப் பத்திரிகையாக. கமலத்துக்கும் ராஜகோபாலுக்கும் ஆவணியில் முகூர்த்தம். அவன் முறைப்பையன்தானாம். அதுவரை யாரும் அவனை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. "ஒருத்தரு அந்தக் கத்துக் கத்துறாரு, நம்ம பய எம்புட்டு நிதானமாப் பேசுறான். இவனை வச்சுக்கிட்டு நாம எதுக்கு வெளியில தேடுறோம்" என்று மண்டிக்காரர் கேட்டாராம். அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நான்தான். அதற்கு ஒரு நன்றி கிடையாது.

சில வருடங்கள் கழித்து, ஃபோர்ட்ரானுக்குப் பொதுவான தரம் ஒன்றை வகுத்தார்கள். அதில் அந்த சுவிட்ச் வாக்கியத்தைத் தூக்கிவிட்டார்கள். நான் இலுப்பூரில் தொண்டை கிழியச் சொன்னது அச்சில் வந்திருந்தது. அதற்குள் எனக்கும் சாந்தாவுக்கும் கல்யாணமாகியிருந்தது. ஓடிப் போய் அவளிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப நீங்க சொன்னதுதான் சரி."

"ஆமா."

"அவரு சொன்னது தப்பு."

"சுத்தத் தப்பு."

"பொண்ணை யாரு கட்டிக்கிட்டா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த வாதத்தில் ஜெயித்தாலும், அது சாம்பாரில் உப்பைப் பற்றியதாக இருந்தாலும், இந்தக் கேள்வி வந்து விழுகிறது. என் பேரன் இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நியாயம் புரியக்கூடிய ஒரே ஆள் என்று அவனை உட்கார வைத்து, சுவிட்ச், அட்டை, பெங்களூர் எல்லாவற்றையும் விளக்கினேன். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டான்.

"தாத்தா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டான்.